பழைய வெல்டிங் தழும்பு

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பியதுமே கூவி அழைக்கும் குரல்கள் சூழ்ந்துகொள்கின்றன. "என்ன சார் வேணும்? பேட்டரியா, டிஸ்ப்ளேவா, கீபோர்டா?" ஒரு காலத்தில் ரேடியோ உதிரி பாகங்களுக்குப் பேர்போன தெரு. இன்று நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை என்று அக்கம்பக்கத்துச் சந்துகளிலும் கணினிக் கடைகள் பரவிக் கிடக்கின்றன. லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்துப் புதுப்பிக்கும் தொழிலாளர்களைப் பார்ப்பதற்காக அங்கே இரண்டு நாள் இருந்தேன்.

குறுகலான படிக்கட்டில் ஏறினால், முதல் மாடியில் ஆறடிக்கு நாலடியில் ஒரு கடை. ஐம்பது வயதை ஒட்டியவர் மேசை விளக்கின் கீழே குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் செய்யாறிலிருந்து வந்து தொழில் பழகும் பத்தொன்பது வயதுப் பையன். மல்டிமீட்டர், ஸ்பாட் வெல்டிங் மெஷின், நிக்கல் பட்டைச் சுருள், நகைக்கடையில் இருப்பதுபோல் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு. மேசைக்கு அடியில் மணல் நிரப்பிய வாளி.

முதல் நாள் காலை மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். அவள் நீட்டிய லேப்டாப்பின் மூடியில் தமிழக அரசு முத்திரை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்தது. இப்போது டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு அதில்தான் படிக்கிறாள். கரண்ட் போனால் இருபது நிமிஷத்தில் அணைந்துவிடுகிறதாம். இந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் இன்னமும் எத்தனையோ வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பேட்டரி போனதற்காக அவற்றைப் பரணில் போடுவது எனக்கு மனசே ஒப்பாத காரியம்.

பையன் முதலில் விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தான். காசு செலவில்லாமல் யாரும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுசாகச் சார்ஜ் ஏற்றினால் நிற்கும் கொள்ளளவு என இரண்டு எண்களும் அதில் வரும். இவளுடையதில் முதல் எண் 31,680 மில்லிவாட் மணி, இரண்டாவது 4,100. "செல் போயிருச்சும்மா. சார்ஜரு, மதர்போர்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியவர்.

அப்பாவுக்கு விலைதான் கவலை. கீழே ஒரு கடையில் புது பேட்டரி தொள்ளாயிரம் ரூபாய் என்றிருக்கிறார்கள், இன்னொரு கடையில் ஆயிரத்து எண்ணூறு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. இரண்டின் மேலும் 'ஒரிஜினல்' என்று அச்சடித்திருக்கிறது. எதை நம்புவது?

பெரியவர் பதில் சொல்லாமல் பழைய பேட்டரியைத் தராசில் வைத்தார். 212 கிராம். பிறகு, வேறொருவர் வாங்கி ஏமாந்து கொண்டுவந்து போட்ட மலிவு பேட்டரி ஒன்றை வைத்தார். அதே மாடல், அதே நாலு செல். 161 கிராம்தான் காட்டியது.

லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் உருளைச் செல்லுக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஒழுங்கான செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். மின்சாரத்தைத் தேக்குவது உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தாமிர, அலுமினியத் தகடுகளும் அவற்றின் மேல் பூசிய பொருளும்தான். எடை குறைந்தால் அந்தச் சரக்கும் குறைவு. அதனால்தான் சந்தையில் 9,900 மில்லிஆம்பியர் மணி என்று அச்சிட்டு வரும் 18650 செல்களைப் பார்த்தாலே பெரியவருக்குக் கோபம் வருகிறது. இந்த அளவுச் செல்லில் நல்ல கம்பெனிச் சரக்கே சுமார் 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இன்னொரு அடையாளம் லேபிளில் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரநிலைப்படி, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸில் பதிவு கட்டாயம். 'ஆர்' என்ற எழுத்தும் எட்டு இலக்கங்களும் கொண்ட அந்தப் பதிவு எண்ணை, பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருக்கு உரியது என்று காட்டும். மலிவு பேட்டரியின் எண்ணைப் பையன் போட்டுப் பார்த்தான். எல்இடி விளக்கு செய்யும் யாருக்கோ உரிய எண் அது.

பிறகு அந்தப் பேட்டரியைப் பிரித்தே காட்டினார்கள். மூடியின் இணைப்புக் கோட்டில் மெல்லிய தகட்டை நுழைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நகர்த்துகிறான் பையன். கால் அங்குலம் ஆழமாகப் போனால் போதும், தகடு இரண்டு முனைகளையும் தொட்டு ஷார்ட் ஆகி நெருப்புப் பிடித்துவிடும். நாலு செல்கள் பளபளக்கும் நீல ஸ்லீவில் வெளியே வந்தன. நிக்கல் பட்டையை உரித்துவிட்டு, பெரியவர் ஒரு செல்லின் அடிப்பக்கத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து என்னிடம் லென்ஸைக் கொடுத்தார். புது வெல்டிங்கின் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே, வேறு கோணத்தில், மங்கலாக இன்னும் நாலு புள்ளிகள். கழித்துப்போட்ட வேறு பேட்டரியிலிருந்து பிடுங்கி, புது ஸ்லீவ் சுற்றி, மறுபடி விற்ற செல். "ஸ்லீவை மாத்தலாம் சார். இந்தத் தழும்பை மாத்த முடியாது."

அந்தப் பெண்ணுக்கு அவர் சொன்ன வழி செல் மாற்றுவது. மேல் கூடும், பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு போர்டும் பழையவை, உள்ளே நாலு புதுச் செல். ஆயிரத்து நானூறு ரூபாய், ஆறு மாதம் பொறுப்பு. எல்லாப் பேட்டரியிலும் இது நடக்காது. செல்லைப் பிரித்ததும் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் போர்டுகள் உண்டு. தட்டையான பைபோல இருக்கும் மெல்லிய பேட்டரிகளை அவர் பிரிப்பதே இல்லை. அவற்றுக்குப் புதுசுதான் வாங்கச் சொல்கிறார். வீங்கிய பேட்டரி வந்தால் அமுக்கவோ குத்தவோ விடாமல் நேரே மணல் வாளிக்கு அனுப்புகிறார்.

புதுச் செல் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை. ஒவ்வொன்றின் வோல்டேஜையும் உள்மின்தடையையும் அளந்து, ஒன்றுக்கொன்று நெருங்கிய நாலைத்தான் ஒரு கூட்டில் சேர்க்கிறார்கள். அன்று பதினோரு செல்களை அளந்து நாலை எடுத்தார்கள். பெட்டியிலேயே கிடந்து 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்ட ஒன்றைப் பையன் மறு பேச்சில்லாமல் ஒதுக்கினான். அப்படி இறங்கினால் உள்ளே தாமிரம் கரையத் தொடங்கும், திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது ஷார்ட் ஆகலாம். சீல் பிரிக்காத 'ஒரிஜினல்' பேட்டரியைக்கூடத் தயாரிப்பு மாதம் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று இவர்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

ஈயம் உருக்கி ஒட்டினால் செல் சூடேறிக் கெடும். அதனால் ஸ்பாட் வெல்டிங். பட்டையின் மேல் இரண்டு செம்பு முனைகளை அழுத்தி, காலால் பெடலை மிதித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், ஒரு பொறி. சில மில்லிவினாடி வேலைதான். போர்டின் ஒயர்களை மைனஸ் பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாகச் சேர்த்தார் பெரியவர். 3.6, 7.2, 10.8, 14.4 என்று மீட்டர் படிப்படியாக ஏறும்வரை அவர் பேசவில்லை. பையனும் மூச்சுக் காட்டவில்லை. இந்த இடத்தில் வரிசை தப்பினால் போர்டு போய்விடும், அதன் விலை இவர் கையைவிட்டுத்தான் போகும்.

ராத்திரி முழுக்க ஒருமுறை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். போர்டில் இருக்கும் அளவுமானி புதுச் செல்லைக் கணக்கெடுத்துக்கொள்ள அது தேவை. இதைச் செய்யாமல் கையில் கொடுத்தனுப்பினால், நாற்பது சதவீதம் காட்டும்போதே லேப்டாப் அணைந்து, செல் போலி என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

கழற்றிய பழைய செல்களின் முனைகளில் டேப் ஒட்டி, மறுசுழற்சிக்காரர் எடுத்துப்போகும் டப்பாவில் போட்டான் பையன். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. வீட்டுக் குப்பையோடு போனால் வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும் பொருள் இது. அப்படி டப்பாவில் சேர்த்து அனுப்புவதற்கு இவர்கள் தனியாகக் காசு வாங்குவதில்லை.

சைதாப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த அப்பாவும் மகளும் மறுநாள் மதியம் வந்தார்கள். ரிப்போர்ட்டில் இரண்டாவது எண் இப்போது 30,900-ஐத் தாண்டியிருந்தது. பெரியவர் வெள்ளை டேப்பில் தேதி எழுதிப் பேட்டரியின் முதுகில் ஒட்டினார். "ஆறு மாசத்துக்குள்ள எதுன்னாலும் எடுத்துட்டு வாம்மா. சார்ஜர்ல போட்டபடியே நாள் கணக்கா விடாத, பேட்டரிக்குச் சூடு ஆகாது."

அவள் பேட்டரியை லேப்டாப்பில் பொருத்தப் போனாள். அப்பா தடுத்தார்.

"ஒரு தடவை தராசுல வைங்க."

208 கிராம். சட்டைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து, அந்த எண்ணைத் தேதியோடு குறித்துக்கொண்டார்.