பிங்கின் விலை

ஆன்லைன் விளையாட்டுக்காரர்களுக்கென்று விற்கப்படும் பிராட்பேண்ட் பேக்கேஜ்களின் விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது எம்பிபிஎஸ் கணக்கு. விளையாட்டுக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுவதும் அதுவே. ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்பினார், சுட்டாரா என்ற சின்னச் சின்னச் செய்திகள்தாம் சர்வருக்குப் போய் வருகின்றன. காட்சியை வீட்டுக் கணினியே வரைந்துகொள்கிறது. ஒரு எம்பிபிஎஸ்ஸை ஒட்டிய வேகமே பல விளையாட்டுகளுக்குப் போதும்.

ஆட்டத்தைத் தீர்மானிப்பது பிங். ஒரு செய்தி சர்வரைத் தொட்டுத் திரும்ப எடுக்கும் நேரம் அது. மில்லி விநாடியில் அளக்கப்படுகிறது. வேலரன்ட் என்ற விளையாட்டின் சர்வர்கள் விநாடிக்கு 128 முறை, அதாவது ஏறக்குறைய 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை, ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகின்றன. பிங் 30-இலேயே நின்றால் கை அதற்குப் பழகிவிடும். 30-க்கும் 150-க்கும் இடையே தாவினால் எவ்வளவு பயிற்சி இருந்தும் குறி தவறும்.

பிங்கின் ஒரு பகுதி தூரத்தால் வருவது. அதை எந்தப் பேக்கேஜாலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் போய்வர 1 மில்லி விநாடி ஆகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் இயங்கத் தொடங்கிய ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். மாதம் எவ்வளவு கட்டினாலும் அந்த வழியில் 32-க்குக் கீழே பிங் இறங்காது. சென்னையிலிருந்து புறப்படும் செய்திப் பேக்கெட்டை இணைய நிறுவனம் மும்பை வழியாகச் சுற்றி அனுப்பினால் இன்னும் ஏறும். நேர்வழியை ஏற்பாடு செய்து தருகிற பேக்கேஜுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் வழியைப் பற்றிப் பேசும் விளம்பரம் அபூர்வம். தூரத்தையே குறைக்க வேண்டுமானால் சர்வர்தான் நகர வேண்டும்: லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் வட அமெரிக்க சர்வர்களை 2015-இல் சிகாகோவுக்கு மாற்றியபோது கிழக்குக் கரையில் இருப்பவர்களின் பிங் குறைந்தது. அதைச் செய்தது ரயட் என்ற விளையாட்டு நிறுவனம். ஆட்டக்காரர்கள் அதற்காகத் தங்கள் இணைப்பை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மிச்சத் தாமதத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. ஒருவர் விளையாடிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரின் போன் கல்யாண வீடியோக்களைக் கிளவுடில் ஏற்றத் தொடங்குகிறது. அப்லோடு பாதை நிரம்புகிறது. ரவுட்டரோ எந்தப் பேக்கெட்டையும் விடாமல் நீண்ட வரிசையில் நிறுத்தி வைக்கிறது. சுட்ட செய்தி அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க, 30-ஆக இருந்த பிங் சில நூறுகளுக்குத் தாவுகிறது. இந்தக் கோளாறுக்கு பஃபர்புளோட் என்று பெயரிட்டுப் பரவலாகப் பேசியவர் ஜிம் கெட்டிஸ். கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் என்ற முறை வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அதன் வழிவந்த எஃப்க்யூ-கோடெல் இன்று பல ரவுட்டர்களில் இருக்கிறது. எஸ்க்யூஎம் என்ற அமைப்பைத் திறந்து, இணைப்பின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வரம்பு வைத்தால் போதும். வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுவது அதைவிட எளிது. அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிபடும் அடுக்குமாடிக் குடியிருப்பில், சில நூறு ரூபாய்க் கேபிள் தருகிற நிதானத்தை எந்த உயர்ரகப் பேக்கேஜும் தருவதில்லை. விற்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கூடுதல் வேகத்தால் வேறு பயன்கள் உண்டு. 100 ஜிபி விளையாட்டை இறக்க 100 எம்பிபிஎஸ்ஸில் இரண்டேகால் மணி நேரம் ஆகும். 300-இல் முக்கால் மணி. ஆட்டத்தை நேரலையாக ஒளிபரப்புகிறவருக்கு அப்லோடு வேகம் அவசியம். ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் இணைப்பில், நண்பரின் கன்சோலோடு நேரடியாக இணைய முடியாமல் போகலாம். அப்போது தனி பொது ஐபி உதவும். அதைத் தனியாக வாங்க முடியுமா என்று முதலில் விசாரிப்பது நல்லது. விளையாட்டுக்கு மட்டும் நெட்வொர்க்கில் முன்னுரிமை என்ற வாக்குறுதியை இந்தியாவில் யோசித்தே ஏற்க வேண்டும்: 2018-இல் அரசு ஏற்ற இணையச் சமநிலைக் கொள்கை, உள்ளடக்கத்தைப் பார்த்துப் பாரபட்சம் காட்டுவதை அனுமதிப்பதில்லை.

பணம் கட்டுவதற்கு முன் கேபிளைச் செருகி, வீட்டில் வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் பிங்கை ஒருமுறை அளக்க வேண்டும். பிறகு பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே இன்னொருமுறை. இரண்டாவது எண் மட்டும் எகிறினால் கோளாறு ரவுட்டரில். வெவ்வேறு வேளைகளில் அளக்கும்போது முதல் எண்ணே இரவு எட்டிலிருந்து பத்து மணிக்குள் மட்டும் ஏறினால், நெரிசல் பெரும்பாலும் நிறுவனத்தின் பாதையில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் விலை உயர்ந்த பேக்கேஜும் அநேகமாக அதே பாதையில்தான் வரும். அங்கே மாற்ற வேண்டியது நிறுவனத்தை.