எப்சிலோன் கற்பித்த பாடம்

கிரேக்க எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் கிரேக்க மொழியையே அறிந்தவன் என்றொரு மயக்கம் எனக்கு இருந்தது. கிரேக்க, உரோம நாகரிகத்தை ஒரு பாடமாகப் பயிலும் மாணவனுக்கு இச்செருக்கு இயல்பே. அதனைக் கலைத்தது ஒற்றைத் தாள் ஒன்றாகும்.

பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஏதென்ஸ் நகரில் ஓராண்டு பயின்று திரும்பிய அக்கா ஒருவர் தமது பெறுபேற்றுப் பத்திரத்தை என்னிடம் தந்தார். அவர் ஆங்கிலத்திலேயே கற்றவர். பத்திரமோ முற்றிலும் கிரேக்கத்தில் இருந்தது. "தம்பி, பீடத்தில் முதலில் பார்ப்பதற்கு ஒரு வரைவு போதுமாம். நாளைக் காலை கொடுக்கவேண்டும், எழுதித் தருவீரா?" என்றார்.

தாளெங்கும் சொற்குறுக்கங்கள். பெயரருகே 'ஏ.எம்.' எனத் தோன்றியதை முற்பகலென்று எண்ணினேன். அது 'அரித்மோஸ் மித்ரூ', அதாவது பதிவிலக்கம். 'பி', 'மி' என்னும் இரண்டெழுத்துகள் கிரெடிற் அலகுகளைக் குறித்தன. ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு அவை 60 ஆகும். கிரேக்கத்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறைக்கு வழிசெய்தது.

இடறியது எப்சிலோன் என்னும் எழுத்திலேதான். அதனை 'எபிலொயீஸ்', விருப்பப் பாடம், எனக் கொண்டு கண்ட இடமெல்லாம் அவ்வாறே எழுதி முடித்தேன். நள்ளிரவில் மீண்டும் ஒப்புநோக்கியபோது ஒரு வரி என்னைத் திடுக்கிடச் செய்தது. ஒரே பாடம் கட்டாயமாகவும் விருப்பமாகவும் இருத்தல் கூடுமோ? அடுத்த நிரலில் 'கீ' என்ற எழுத்தும் மாறிமாறி வந்திருந்தது. அது 'கிமெரினோ', குளிர்காலம்; எனில் அந்நிரலின் எப்சிலோன் 'எயரினோ', வசந்தகாலம். நான் விருப்பப் பாடமாக்கியது ஒரு பருவத்தை! அவ்வாறே கையளித்திருப்பின், அக்கா கற்ற கட்டாயப் பாடங்கள் சில கணக்கிற் சேராது போயிருக்கும். அவரது ஓராண்டு உழைப்பிற்கு ஊறு விளைந்திருக்கும்.

விடியுமுன் முழுவதையும் திருத்தி எழுதினேன். ஒவ்வொரு குறுக்கத்தையும் மூலத்தில் உள்ளபடியே வைத்து, அருகே அதன் விரிவையும் தந்தேன். பத்துக்கு ஏழு என்ற புள்ளியையும், 'லியான் கலோஸ்', மிக நன்று, என்ற தரத்தையும் எமது 'ஏ', 'பி' தரங்களாக மாற்றும் ஆசை எழுந்தது. ஆயினும் மதிப்பிடுதல் பீடத்தின் பணி. உள்ளதை உரைத்தலே மொழிபெயர்ப்பாளன் பணி என்றெண்ணி அதனைத் தவிர்த்தேன்.

'க.பொ.த.' என்னும் மூன்றெழுத்தைக் காணும் அயலார் எதனை அறிவர்? எமது பள்ளி வாழ்வு முழுவதும் அதனுள் அடங்கியிருப்பதை நாமே அறிவோம். குறுக்கம் என்பது வீட்டார் தமக்குள் பேசும் பேச்சு. அதனைப் பெயர்க்க விழைபவன் முதலில் அவ்வீட்டின் வழக்கத்தைக் கேட்டறிதல் வேண்டும்.