பொம்மிடிச் சந்தையில் ஒரு கைப்பிடி கொசுறு

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை பக்கம் போகும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், பொம்மிடி வரையாவது தூங்காதீர்கள். லோகூர் காட்டைத் தாண்டும் வரை சேர்வராயன் மலை கூடவே வரும். நான் பொம்மிடியில் இறங்கியது மலைக்காக அல்ல, சந்தைக்காக.

இங்கே தராசைவிடக் கூறுக்குத்தான் மவுசு. தக்காளியைக் குவித்து, "கூறு இருபது" என்பார்கள். எடை தெரியாது, கண்தான் கணக்குப் போடும். ஒரு பாட்டியிடம் நின்றேன். நான் யோசிப்பதைப் பார்த்ததும், எதுவும் பேசாமல் கூறின்மேல் இரண்டு தக்காளியை எடுத்து வைத்தார். அவ்வளவுதான், அடுத்த கடைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984-ல் எழுதிய புத்தகத்தில் முதலில் பேசுவதே இதைத்தான். ஒருவர் நமக்கு எதையாவது கொடுத்துவிட்டால், திருப்பிச் செய்யாமல் மனசு அடங்காது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், உணவகப் பணியாளர் பில்லோடு ஒரு மிட்டாய் கொடுத்து, நகர்ந்து, திரும்பி வந்து இன்னொன்றும் கொடுத்தபோது டிப்ஸ் நன்றாகவே கூடியது. கூறுக்குமேல் வைத்த அந்த இரண்டு தக்காளியும் அதே வேலையைத்தான் செய்தன. பாட்டி எந்தப் புத்தகமும் படித்திருக்க மாட்டார்.

மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் கைவிட்டு, விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். ரகசியம் என்பார்கள். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. காதில் விழுந்த முதல் எண்ணைச் சுற்றியே நம் மதிப்பீடு அலையும் என்று டிவெர்ஸ்கியும் கானமனும் 1974-லேயே காட்டிவிட்டார்கள். துண்டுக்குள் பேசினால் பக்கத்தில் நிற்பவர் காதில் எந்த எண்ணும் விழாது. அடுத்த ஆளிடம் புதிதாக ஆரம்பிக்கலாம். பேரம் முறிந்தாலும் நாலு பேர் முன்னால் மானம் போகாது.

சரி, பாட்டியிடம் வருவோம். நானும் படித்தவன் அல்லவா? "ரெண்டு கூறு முப்பதுன்னா எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பத்தடி போவதற்குள் கூப்பிட்டுவிட்டார். ஜெயித்த சந்தோஷத்தோடு திரும்பினால், பக்கத்துக் கடை அம்மாவிடம் முனகிக்கொண்டிருந்தார்: "சுங்கம் கட்டியாச்சு, பஸ்ஸுக்குப் போகணும். திரும்பத் தூக்கிட்டுப் போனா மாட்டுக்குத்தான்."

தக்காளி விலை சரியும் நாட்களில் பறிகூலிகூடக் கட்டாமல், செடியிலேயே விட்டுவிடுகிற மாவட்டம் இது. அவரைத் திரும்பக் கூப்பிட வைத்தது என் சாமர்த்தியம் அல்ல, பஸ் நேரம். நாற்பது ரூபாயையே நீட்டினேன். பாட்டி பத்தைத் திருப்பித் தந்தார். "பேசுனது பேசுனதுதான் கண்ணு."

பையைக் கட்டும்போது, கேட்காமலே ஒரு கைப்பிடி கொத்தமல்லியைத் திணித்தார்.

"அடுத்த வாரம் வருவல்ல?"

"வரேன் பாட்டி" என்றேன்.

சட்டைப்பையில் சென்னைக்கு ரயில் டிக்கெட். நேற்று பொம்மிடி வழியாகப் போகும் ரயில்களைத் தேடிக்கொண்டிருந்தேன். "அங்க என்ன வேலை?" என்றார் மனைவி. தக்காளி வாங்க என்று எப்படிச் சொல்வது?