அத்தர் வாங்கித் தரச் சொல்றவங்களுக்கு

லக்னோவில இருக்கேன்னு தெரிஞ்சதும் நம்மூர் ஆளுங்க கேக்கறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, சிக்கன் குர்தா (கோழி இல்லீங்க, இந்த ஊர் நூல் வேலைப்பாட்டுக்குப் பேரே சிக்கன்தான்). இன்னொண்ணு அத்தர். குர்தாவுக்கு அளவு சொன்னா போதும், வாங்கி அனுப்பிடுவேன். அத்தர்னா மட்டும் என் பதில் ஒண்ணுதான். "உங்க கை வரணும்."

தட்டிக் கழிக்கறேன்னு நினைச்சுக்கறாங்க. கொஞ்சம் அதுவும் உண்டு :-) ஆனா நிஜமான காரணம் வேற.

நாம வழக்கமா அடிச்சுக்கற ஸ்ப்ரேயில பெரும்பகுதி ஆல்கஹால். அடிச்ச உடனே அது ஆவியாகும், வாசனையையும் கூடவே தூக்கிட்டுப் போய் அறை முழுக்கப் பரப்பிடும். அத்தர் எண்ணெய். அதுக்குப் பறக்கத் தெரியாது. தோல் மேல உக்காந்து, உடம்புச் சூட்டில மெதுவா ஒவ்வொரு வாசனையா வெளிய விடும். உங்க தோல் வறண்டதா, எண்ணெய்ப் பசை உள்ளதா, எவ்வளவு வேர்க்கும் எல்லாமே அதில போய்ச் சேரும். பாட்டில்ல இருக்கறது பாதிதான். மீதிப் பாதி உங்க மணிக்கட்டில இருக்கு. அதை நான் எப்படி கூரியர்ல வாங்கி அனுப்பறது, சொல்லுங்க?

அத்தர் தயாராகிற கன்னோஜ் இங்கேருந்து காரில சுமார் ரெண்டு மணி நேரம். பள்ளிக்கூடத்தில ஹர்ஷரோட தலைநகரம்னு படிச்சோமே, அதே ஊர். நானும் ரங்கமணியும் பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வந்தோம். பெரிய செப்புப் பானை, அதுக்குப் பேர் டேக். அதில பூவும் தண்ணியும் போட்டு, மூடி வச்சு, இடுக்கில மண் பூசி அடைச்சிடறாங்க. கீழ விறகும் வறட்டியும் எரியுது. மூடியிலேருந்து ஒரு மூங்கில் குழாய் இன்னொரு செப்புப் பாத்திரத்துக்குப் போகுது. அது பப்கா. தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்திருக்கும். அதுக்குள்ள சந்தன எண்ணெய். பூவோட ஆவி அங்க வந்து குளிர்ந்ததும் சந்தன எண்ணெய் அந்த வாசனையைப் பிடிச்சு வச்சுக்குது. தண்ணியைப் பிரிச்சு எடுத்துட்டு, மறுநாள் புதுப் பூ போட்டு, அதே எண்ணெயில திரும்பவும். இப்படியே பல நாள். தெர்மாமீட்டர் எதுவும் கிடையாது. வேலை செய்யறவர் பப்கா மேல கையை வச்சுப் பார்த்தே சூடு சரியான்னு சொல்றார்.

சந்தனம் விலை ஏறினதும் பல இடத்தில அதுக்குப் பதிலா லிக்விட் பாரஃபின் வந்துடுச்சு. பாட்டில்ல மோந்தா வித்தியாசமே தெரியாது. தோல்ல போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. சந்தனம்னா அடியில இன்னும் இருக்கும். பாரஃபின்னா வாசனை போயிருக்கும், பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும். "ரூஹ்"னு சொன்னா சந்தனமே சேராத சுத்த எண்ணெய். ரூஹ் குலாப் கிலோ லட்சக்கணக்கில போகுது. அதனால யாராவது இருநூறு ரூபாய்க்கு ரூஹ் குலாப்னு நீட்டினா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

போன வருஷத்தில ஒவ்வொண்ணா சின்னச் சின்ன பாட்டிலா வாங்கி, லீவு நாள்ல முன்னங்கையில ஒரு பொட்டு வச்சு, நாலு மணி நேரம் விட்டுப் பார்த்தேன். என் தோலுக்கு வந்த முடிவு இது. உங்களுக்கு இப்படியே வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

மிட்டி: மண் அத்தர். வயல் மண்ணை அப்படியே காய்ச்சறதில்ல, சுட்ட மண்ணைத்தான் போடறாங்க. மழை விழுந்த மண் வாசனைக்கு 'பெட்ரிகோர்'னு ரெண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிங்க பேர் வச்சது 1964-ல. இங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே அதைப் பாட்டில்ல அடைச்சுட்டாங்க. ஆனா என் கையில அது மழை இல்ல. கார்த்திகைக்கு முந்தின நாள் புது அகல்விளக்கை வாளித் தண்ணியில ஊறப் போடுவோமே, அப்போ குமிழி விட்டுக்கிட்டு வருமே ஒரு வாசனை, அச்சு அசல் அதேதான். அரை மணி நேரம். அப்புறம் வெறும் சந்தனம்.

குஸ்: நம்ம வெட்டிவேர். செப்புப் பானையில வடிக்கறதால ரூஹ் குஸ் பச்சை நிறமா இருக்கும். சாயம் போட்டிருக்காங்களோன்னு பயப்பட வேண்டாம். முதல்ல வேரும் மண்ணுமா கரடா இருக்கும். ஒரு மணி நேரம் போனா பானைத் தண்ணி மாதிரி ஆயிடும். மே மாச லக்னோ வெயில்ல ஆஃபீசுக்குப் போட்டுக்கிட்டுப் போக இதை விட்டா வேற இல்ல. சாயங்காலம் வரைக்கும் நிக்குது.

கேவ்டா: தாழம்பூ. பெரும்பாலும் ஒடிசாவில கஞ்சம் மாவட்டத்திலேருந்து வருது. பாட்டிலைத் திறந்ததும் சின்ன வயசில பின்னி விட்ட தாழம்பூ ஜடை ஞாபகம் வந்து, ஆசையா ரெண்டு கையிலயும் தடவிக்கிட்டு ஆஃபீஸ் போனேன். பக்கத்து சீட் பொண்ணு, "இன்னிக்கு டிபன் பாக்ஸ்ல பிரியாணியா?"ன்னு கேட்டா. இந்த ஊர்ல கேவ்டா தண்ணி பிரியாணியிலதானே தெளிப்பாங்க. நமக்கு ஜடை, அவங்களுக்கு தம் பிரியாணி. மூக்குக்கும் தாய்மொழி உண்டு போல.

குலாப்: என் தோல்ல பத்தே நிமிஷத்தில புளிச்சுப் போச்சு. அதே பாட்டில், என் பதினாலு வயசுப் பொண்ணு கையில அருமையான குல்கந்து. பாட்டில் இப்போ அவ அலமாரியில இருக்கு.

ஷமாமா: பூ அத்தர் இல்ல. ஜடாமாஞ்சி, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய்னு ஒரு பட்டியலே போடுவாங்க. நம்ம கல்பாசி கூட உண்டு. குளிர்காலத்துக்கானது, உடம்புக்குச் சூடும்பாங்க. என் கையில நாட்டு மருந்துக் கடை வாசல் மாதிரி இருந்துச்சு. ரங்கமணி கையில பழைய தேக்குப் பெட்டியைத் திறந்த மாதிரி, கிட்டப் போய் ரெண்டாம் தடவை மோந்து பார்க்கலாம் போல இருந்துச்சு. (இதைப் படிச்சுட்டுத் தலைகனம் ஏறக் கூடாது.)

கடைசியா மோதியா. அதாவது நம்ம குண்டுமல்லி. இதைப் பத்தி கொஞ்சம் நிறைய சொல்லணும்.

அப்பா 2021-ல போனதுக்கப்புறம் அம்மா எங்களோடதான் இருக்காங்க. திண்டுக்கல்ல இருந்தவரைக்கும் சாயங்காலம் ஆனா பூக்காரம்மா வாசல்ல கூடையை இறக்குவாங்க. அம்மாவுக்கு ரெண்டு முழம், எனக்கு ஒரு முழம். அப்பா காரியம் முடிஞ்ச மறுவாரத்திலேருந்து பூக்காரம்மா எங்க வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில போய் நின்னாங்க. அவங்க மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல, அம்மா மனசு நோகக் கூடாதுன்னுதான் அப்படிப் போனாங்க. இங்க கூட்டிட்டு வந்தப்புறம், "இங்க யாரும்மா பார்க்கப் போறாங்க, வச்சுக்கோ"ன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். "இருக்கட்டும்"னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல பேச விட மாட்டாங்க.

மோதியா பார்த்த அன்னிக்கு என் கையில இடம் இல்ல, ஏற்கெனவே மூணு அத்தர் காய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதனால ஒரு பொட்டு எனக்கு முழங்கை மடிப்பில வச்சுட்டு, பக்கத்தில கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்த அம்மா மணிக்கட்டிலயும் ஒண்ணு வச்சேன். "என்னது?"ன்னாங்க. "எண்ணெய்மா"ன்னேன்.

என் கையில அது மல்லி மாதிரியே இல்ல. முதல்ல ஆரஞ்சு மிட்டாய், அப்புறம் அந்துருண்டை. மல்லியில இண்டோல்னு ஒரு பொருள் இயற்கையாவே இருக்கு. அளவோட இருந்தா பூ, தூக்கலா தெரிஞ்சா அந்துருண்டை. என் தோல் அதைத்தான் தூக்கிக் காட்டுச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு அம்மாகிட்ட கேட்டேன். மணிக்கட்டைக் கிட்டக் கொண்டு போய் ரொம்ப நேரம் மோந்தாங்க.

"புதுப் பூ இல்ல இது. ராத்திரி வச்சுக்கிட்டுப் படுத்து, காலையில கொண்டையிலேருந்து எடுத்துப் போடுவோமே, அந்தப் பூ. தலையணையில ஒட்டிக்கிட்டிருக்கும் பாரு."

நான் மோந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்துச்சு. அறுபது வருஷத் தேங்காயெண்ணெய்த் தோலோட வேலையா என்னன்னு எனக்குத் தெரியல. என் கையில அந்துருண்டையா கிடந்தது அம்மா கையில வாடின மல்லியா இருந்துச்சு.

மறுநாள் குளிச்சுட்டு வந்ததும் அவங்களே அலமாரியைத் திறந்து அந்த பாட்டிலை எடுத்தாங்க. நான் பார்க்கறதைப் பார்த்துட்டு, "எண்ணெய்தானே, பூ இல்லையே"ன்னாங்க. ஆமாம்மான்னேன். அன்னிலேருந்து தினமும் ஒரு பொட்டு. முந்தானைக்கு உள்பக்கம் மறைவா இருக்கற மணிக்கட்டில.

இந்த வருஷம் அத்தை, அப்பாவோட அக்கா, காசிக்குப் போற வழியில எங்க வீட்டில ரெண்டு நாள் தங்கினாங்க. மாமா போய் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அம்மாவுக்கு இந்த நாத்தனார்னா இன்னிக்கும் கொஞ்சம் பயம். உள்ள வந்து உக்காந்து தண்ணி குடிச்சுட்டு அத்தை கேட்ட முதல் கேள்வி: "இங்கல்லாம் மல்லி கிடைக்குமா? யாரு வச்சிருக்கா?"

அம்மா முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கிட்டாங்க. என் பொண்ணு தலையில பூ இல்ல, என் தலையிலயும் இல்ல. நான்தான் சொன்னேன். "அத்தர் அத்தை. இந்த ஊர்ல ஆம்பளை பொம்பளை எல்லாரும் போடுவாங்க. அம்மா போட்டிருக்காங்க."

அத்தை ஒண்ணும் சொல்லல. அம்மாவும் சொல்லல. சமையல்கட்டில எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. ராத்திரி சாப்பாடெல்லாம் முடிஞ்சு, ரங்கமணி தூங்கப் போனப்புறம், அத்தை என்கிட்ட வந்து கையை நீட்டினாங்க. "ஏம்மா, அதை எனக்கும் கொஞ்சம் வையேன்."

வச்சேன். மூணு பேரும் உக்காந்து காத்திருந்தோம். கால் மணி நேரம், அரை மணி நேரம். அத்தை கையில சந்தனம் வந்துச்சு. நல்ல சந்தனம்தான், ஆனா சந்தனம் மட்டும்தான். மல்லி வரவே இல்ல. இன்னொரு பொட்டு வச்சும் வரல. "எனக்கு வரலையேம்மா"ன்னு அத்தை சொன்ன குரலை என்னால இங்க எழுதிக் காட்ட முடியாது.

அம்மா அப்போதான் வாயைத் திறந்தாங்க. "அண்ணி, இங்க வாங்க"ன்னு முந்தானையைத் தள்ளிட்டு, தன் மணிக்கட்டை அத்தை மூக்குகிட்ட நீட்டினாங்க. ரெண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாங்க. நான் தண்ணி எடுக்கப் போற மாதிரி உள்ள போயிட்டேன்.

காசியிலேருந்து திரும்பினப்போ அத்தைக்குச் சமேலி பார்த்தோம், நம்ம பிச்சிப்பூ. அதுவும் சரியா வரல. மறுபடி வரப்போ ஜூஹி பார்க்கணும், முல்லை. அவங்களுக்கு ஏதாவது ஒண்ணு இல்லாமலா போயிடும்?

ஆகவே மக்களே, இங்க வந்தா லக்னோவோ, கன்னோஜோ, டெல்லியில 1816-லேருந்து இருக்கற குலாப் சிங் ஜோரிமல் கடையோ, எங்க வேணும்னாலும் போங்க. பாட்டிலை மோந்து முடிவு பண்ணாதீங்க. ஒரு நேரத்தில மூணுக்கு மேல வேண்டாம், மூக்கு களைச்சுடும். மணிக்கட்டோட மணிக்கட்டைத் தேய்க்காதீங்க, அது பாட்டுக்கு விடுங்க. பட்டுப் புடவையில பட்டா எண்ணெய்க்கறை போகாது, ஜாக்கிரதை. எடுத்த எடுப்பில பெரிய பாட்டில் வாங்காம, கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வெளிய போய் ஒரு சாட் சாப்பிட்டு, கடைத்தெருவைச் சுத்திட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திரும்பி வாங்க. கூட வந்தவங்க கையிலயும் ஒரு பொட்டு வச்சு விடுங்க. கேக்கத் தயங்கறவங்களா இருந்தா, நீங்களே முதல்ல வச்சு விடுங்க.