பிள்ளைப்பாக்கம் ஏரியில் ஒரு செனகல்காரர்

காலை ஷிப்ட் பஸ்கள் ஓய்ந்த நேரம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் நிற்கிறேன். ஒருபுறம் சிப்காட் ஆலைகளின் தகரக் கூரைகள். மறுபுறம் கோரை மண்டிய நீர். மதகுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கும் கீழே, நீலப் பொட்டு ஒன்று கோரைக்குக் கோரை மாறி உட்காருகிறது. ஊசித்தட்டான்.

குனிந்தால்தான் அடையாளம் பிடிபடும். நீளம் சுமார் 3 செ.மீ. மார்பு பச்சை, அதன் முதுகில் கறுப்பு. வயிற்றின் மேற்புறம் நெடுகக் கறுப்பு. பத்துக் கண்டங்களில் எட்டாவது மட்டும் முழு நீலம். ஒன்பதாவதின் முதுகு கறுப்பு, பக்கவாட்டில் நீலம். இதன் நெருங்கிய உறவான இஸ்க்னூரா ரூபிலியோவுக்கும் வால் முனை நீலம்தான், ஆனால் வயிறு மஞ்சள். ஆக, எதிரே இருப்பது இஸ்க்னூரா செனகலென்சிஸ், ஆண். பெண்ணை வைத்து முடிவு செய்யப் போனால் தலைசுற்றும்: சில பெண்கள் ஆணின் நிறத்திலேயே இருக்கும், வேறு சில இளமையில் ஆரஞ்சாக மின்னும்.

1842இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ராம்பூர் இதை விவரித்தபோது செனகலின் பெயரைச் சூட்டினார். ஆப்பிரிக்காவில் பரவலாக இருப்பது, இந்தியாவைத் தாண்டி ஜப்பான் வரை உண்டு.

ஆடு மேய்க்க வந்த அம்மாவிடம் கேமராவில் காட்டி, “இதுக்கு ஆப்பிரிக்காப் பேரும்மா” என்றேன். “ஆப்பிரிக்காவா? நான் பொறந்ததுலேருந்து இங்கதானே தம்பி கெடக்குது!” என்றார். அவர் சொன்னதுதான் சரி. இது எங்கிருந்தோ வந்து குடியேறியதல்ல, இந்த மண்ணின் உயிர்தான்.

வெயில் படும் தேங்கிய நீரும், கரையில் கொஞ்சம் புல்லும் கோரையும் இருந்தால் இதற்குப் போதும். ஏரி, குட்டை, நெல்வயல், உப்பேறிய நீர்நிலை எதுவானாலும் சரி. ஒரு தண்டில் ஜோடி ஒன்று சக்கரமாக வளைந்து பிணைந்திருக்கிறது. மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். பிறகு பெண் தனியாக வந்து நீர்ச்செடியின் திசுவைக் கீறி முட்டைகளைச் செருகும். வால் முனையில் இலை போன்ற மூன்று செவுள்களோடு பிறக்கும் இளம்பூச்சி, நீருக்குள் கொசுப்புழுக்களையும் வேட்டையாடித் தின்னும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஓரளவு கெட்ட தண்ணீரையும் இது தாங்கும். இதைக் காட்டி ‘ஏரி சுத்தம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பார்ப்பது கரையைத்தான். கோரையை வழித்தெடுத்துக் கான்கிரீட் சரிவு போட்டுவிட்டால், ஏரி நிறைந்து கிடந்தாலும் முட்டையிட இடமில்லை. ‘அழகுபடுத்துதல்’ என்ற பெயரில் ஊர் ஊராக நடப்பது அதுதான். இந்த ஏரியின் நிலை இந்த ஊருக்கு மட்டுமான கவலையும் அல்ல: இதன் உபரிநீர் போய்ச் சேருவது சென்னையின் குடிநீர் ஏரியான செம்பரம்பாக்கத்துக்கு.

தேடிப் போகிறவர்கள் வெயில் ஏறியபின் போங்கள், வலை வேண்டாம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள். எட்டாவது, ஒன்பதாவது கண்டங்கள் தெளிவாக விழாத படத்தை வைத்துக்கொண்டு இனத்தின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.