பின்னால் போக இடமில்லை

பெங்களூரின் ஈஜிபுராவில் ஒரு வீட்டை முழுதாகப் படமெடுப்பது லேசில் நடக்காது. வாசலிலிருந்து நாலு எட்டு பின்னால் வைத்தால் எதிர்வீட்டுச் சுவர் முதுகில் இடிக்கும். அந்த நாலு எட்டுக்குள்ளும் ஸ்கூட்டர் நிற்கும், தண்ணீர்க் குடங்கள் இருக்கும், காலையில் போட்ட கோலம் இருக்கும். சின்ன மனையில் மாடிக்கு மேல் மாடியாக ஏறிய வீடுகள். அகல லென்ஸ் போட்டால் சுவர்கள் இரண்டு பக்கமும் சரிந்து விழுவதுபோல ஆகிவிடும். ஆகவே இங்கே படமெடுக்க ஆசைப்படுகிறவனுக்கு ஒரே வழிதான் உண்டு. நின்ற இடத்திலேயே நின்று சுற்றித் திரும்ப வேண்டும். துண்டு துண்டாக எடுத்துப் பிறகு ஒட்ட வேண்டும்.

அப்படித் திரும்புவதற்கு மோட்டார் வைத்த தாங்கி ஒன்றை நானே செய்துகொண்டேன். முக்காலியின் மேல் உட்கார்ந்து, கேமராவைக் கொஞ்சம் திருப்பி, நின்று, படமெடுத்து, மறுபடி திருப்பும். முழு வட்டம் முடிந்ததும் ஓய்ந்துவிடும்.

மலை உச்சியிலோ கடற்கரையிலோ எடுக்க இத்தனை பாடு தேவையில்லை. போனைக் கையில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாலே போதும். நம் தெருவில்தான் சிக்கல். கேமராவை முக்காலியில் பொருத்தும் திருகைச் சுற்றித் திருப்பினால் லென்ஸின் முன்பகுதி தன் இடத்தைவிட்டு நகர்கிறது. அச்சுக்கும் லென்ஸின் பார்வைப் புள்ளிக்கும் 8 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். 30 பாகை திரும்பும்போது அந்தப் புள்ளி சுமார் 4 செ.மீ. தள்ளிப்போகும். ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலைக்கு அது கால் பிக்சல்கூட ஆகாது. ஒரு மீட்டர் தொலைவில் தொங்கும் கேபிள் ஒயருக்கோ, என் கேமராவில் சுமார் 200 பிக்சல். ஒட்டும்போது ஒயர் நடுவில் அறுந்து நிற்கும். கொடியில் காயும் சட்டைக்கு மூன்று கை முளைக்கும். ஈஜிபுராவில் எல்லாமே ஒரு மீட்டரில்தான் இருக்கிறது.

அதனால் தாங்கியின் உயிர் மோட்டாரில் இல்லை, கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தும் சின்னத் தண்டவாளத்தில் இருக்கிறது. லென்ஸை முன்னாலிருந்து உற்றுப் பார்த்தால் உள்ளே சின்ன வட்டத் துளை தெரியும். அது சுழலும் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். கண்டுபிடிக்கும் முறை எளிது. மொட்டைமாடியில் கொடி கட்டிய இரும்புக் கம்பியையும் தூரத்து அடுக்குமாடியின் விளிம்பையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு கேமராவை இடமும் வலமும் திருப்பிப் பார்க்க வேண்டும். கம்பி விளிம்பைவிட்டு விலகினால் கேமராவைச் சற்றே நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டே திரும்பும் இடம் கிடைத்தால் தண்டவாளத்தில் பிளேடால் ஒரு கீறல். அந்தக் கீறலை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மற்ற சாமான்களெல்லாம் எஸ்.பி. ரோட்டில் கிடைத்தவை: படிபடியாகத் திரும்பும் நெமா 17 ஸ்டெப்பர் மோட்டார், அதை ஓட்டும் ஏ4988 டிரைவர், கட்டளையிடும் சின்னக் கணினி அட்டையான அர்டுயினோ நானோ, பல் பெல்ட், இரண்டு புல்லி. அலுமினியத் தட்டைக் கடைந்து தந்தது பக்கத்து லேத் பட்டறை. அதை நடத்துபவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். நான் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, “சார், ஒரு பேரிங்ல நிக்காது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல ரெண்டு இஞ்ச் விடுங்க. அப்பத்தான் தலை ஆடாது” என்றார். கேமராவின் எடை ஒரு பக்கமாகச் சாயும்போது ஒற்றை பேரிங் அந்தச் சாய்வைத் தாங்காது என்பதைப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டார். அவர் சொன்னபடியே செய்தது இன்றுவரை அசையாமல் நிற்கிறது.

கணக்கில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 18 மி.மீ. லென்ஸைப் போட்டு என் கேமராவை நிமிர்த்தி வைத்தால் ஒரு படத்தின் அகலம் 45 பாகை. ஒட்டும் மென்பொருளுக்கு மூன்றில் ஒரு பங்காவது மேல்படிய வேண்டும். அப்படியானால் 30 பாகைக்கு ஒரு படம், வட்டத்துக்கு 12 படம். மோட்டாரோ ஒரு சுற்றுக்கு 200 படிகள் எடுக்கும். டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் 3,200. அதை 12ஆல் வகுத்தால் முழு எண் வராது, மிச்சம் நிற்கும். மோட்டாரில் 20 பல், அச்சில் 60 பல் என்று புல்லி போட்டால் ஒரு சுற்று 9,600 படிகளாகும். பன்னிரண்டால் வகுத்தால் சரியாக 800. மிச்சமே இல்லை.

இந்தக் கருவிக்குத் திரும்பத் தெரிவதைவிட நிற்கத் தெரிவதுதான் முக்கியம். திரும்பிய அதிர்வு அடங்கும்வரை இரண்டு விநாடி காத்திருக்கும். அதன் பிறகே ஷட்டர். காற்று வீசும் மாலையில் அதை மூன்றாக்குவேன். வெளிச்சம், நிறம், ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பன்னிரண்டு வானமும் பன்னிரண்டு நீலத்தில் வரும். ஒட்டுவதற்கு ஹகின் என்ற இலவச மென்பொருள். செவ்வாயில் 2004 ஜனவரியில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளின் கேமராவும் இப்படித்தான் திரும்பித் திரும்பி எடுத்து அந்தக் கிரகத்தின் அகன்ற காட்சிகளை அனுப்பியது. அங்கே கேபிள் ஒயர் இல்லை.

இந்த வேலைக்கு நம் பக்கத்தில் ஒரு முன்னோடி இருந்தார். லின்னியஸ் டிரைப், மதராஸ் படையின் கேப்டன், அரசாங்கப் புகைப்படக்காரர். 1857 டிசம்பரில் இதே பெங்களூரிலிருந்து மெழுகுத்தாள் நெகட்டிவ்களோடு கிளம்பியவர். ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை என்று போய் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலை அடைந்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியின் முதல் பகுதி வெளிவந்தது 1891இல். அதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே ராஜராஜன் காலத்து எழுத்துகள் அந்த நீளத் தாளில் வரிசையாக நின்றன.

டிரைப் திரும்பவில்லை, நகர்ந்தார். சுவர் தட்டையாக ஓடியதால் கேமராவைச் சுவரோரமாகத் தள்ளித் தள்ளி வைத்து எடுக்க முடிந்தது. என் தெருவில் அது செல்லாது. இங்கே ஒன்றன் முன் ஒன்றாகப் பத்து ஆழம் இருக்கிறது. ஆனாலும் பெரியதொன்றைச் சின்னத் துண்டுகளாகப் பொறுமையாக எடுத்துத் தைப்பது அவர் வழிதான். 1859இல் மதராஸ் கவர்னராக வந்த டிரெவெலியன் டிரைப்பின் அரசாங்கப் புகைப்படத் துறையை வீண் ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. இன்னும் பத்து வருஷம் விட்டிருந்தால் நம் கோயில்களில் எத்தனை சுவர்கள் தாளில் ஏறியிருக்கும்!

முழு வட்டம் எடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. எதை விடுவது என்று நான் தீர்மானிக்க முடியாது. விவேக்நகர்ப் பக்கத்து வானம், சின்டெக்ஸ் தொட்டிகள், துணி உலர்த்தும் பெண்கள், குப்பை மூட்டை எல்லாம் வந்தே தீரும். ஒரே பருந்து மூன்று படத்தில் விழுந்து மூன்று பருந்தாக வட்டமிடும். இரண்டை அழிக்க வேண்டியிருக்கும். கீழ்வீட்டு அக்கா ஒருநாள் மாடிக்கு வந்து, “ஏன்ப்பா, அது தானா சுத்துதே, எங்க வீட்டு ஜன்னலையும் புடிக்குமா?” என்று கேட்டார். “புடிக்கும் அக்கா. யாருக்கும் காட்டுறதுக்கு முன்னாடி மறைச்சிடுறேன்” என்றேன். அவர் கேட்டது சரியான கேள்வி. அன்றிலிருந்து சுற்று வீடுகளில் சொல்லிவிட்டுத்தான் முக்காலியை விரிக்கிறேன்.

ஈஜிபுராவிலிருந்து கேந்திரிய சதன் வரை 2.5 கி.மீ. மேம்பாலம் என்று 2017இல் தொடங்கிய வேலை, வருஷக்கணக்கில் வெறும் தூண்களாக நின்றது. அந்தத் தூண்களின் நிழலில் கடை போட்டவர்களும் பஸ்ஸுக்கு நின்றவர்களும் என் படங்களில் இருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 2013 ஜனவரியில், இங்கிருந்த ஏழைகளின் குடியிருப்பைக் காலி செய்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றினார்கள். அவர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்தச் சந்துகளின் முழு வட்டம் என்னிடம் இல்லை. இருந்திருந்தால், எந்தத் தகரக் கூரைக்குப் பக்கத்தில் எந்த வீடு, குழாயடி எங்கே என்று அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கலாம்.

மோட்டார் வைக்க முடிந்தவர்கள் வையுங்கள். முடியாதவர்களுக்குப் போன் போதும். அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு, உங்கள் மாடியில் நின்று ஒரு முழு வட்டம் எடுங்கள். எந்த மாடி, எந்த மூலை, என்ன தேதி என்று படத்தோடு எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே மூலையில் நின்று மறுபடியும் எடுங்கள்.