ஐந்துக்கு ஆறரை

எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கி வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. ஐந்தடி அகலம், ஆறரை அடி நீளம். நெல் வருவது நின்று பல வருடம் ஆகிவிட்டது. பழைய பேப்பரும் உடைந்த நாற்காலியும்தான் அதில் குடியிருந்தன. என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆன பிறகு, அந்த அறையைக் குளியலறையாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். கொல்லையில் இருந்த பழைய குளியலறைக்கு இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். மழைக்காலத்தில் பாசி வேறு.

எனக்குப் பெரிய ஆசைகள் இருந்தன. மகன் வீட்டில் பார்த்த மாதிரி, தாம்பாளம் அளவு ஷவர் ஒன்றைத் தலைக்கு மேலே வைத்து மழையாகக் கொட்ட வேண்டும் என்று நினைத்தேன். பிளம்பர் மொட்டை மாடித் தொட்டியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவில் ஆறடிதான் இருக்கு. சிவன் கோயில் தாராபாத்திரம் மாதிரி சொட்டும். பரவாயில்லையா?"

அவர் சொன்னது சரிதான். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீருக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம். ஆறடிக்கு 0.2 பார்கூட வராது. அழுத்தத்துக்குத் தனி மோட்டார் வைக்கலாம். கரண்ட் போனால் அதுவும் இல்லை. கடைசியில் கைஷவர் ஒன்று, வாளிக்கு ஒரு குழாய், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல் என்று முடிந்தது. உட்கார்ந்து குளித்தால் ஷவர் தாழ்ந்து வருகிறது, தண்ணீரும் வேகமாக வருகிறது.

கொத்தனார் நல்ல வேலைக்காரர். ஆறரை அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் வைத்து, ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார்த்தார். டைல்ஸ் போடுவதற்கு முன் தூம்பை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டார். அடுத்த அறைச் சுவரில் ஈரம் பூக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் மேல் வேலை. அவசரப்பட்டு இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சுவருக்கு டைல்ஸ் ஒட்டப் போகும் நாளில் அவர் கேட்டார்: "ஐயா, பிடிச்சுக்கிற கம்பி எங்கெங்க வரணும்? இது பழைய சுண்ணாம்புச் சுவர், போல்ட் நிக்காது. இப்பவே அந்த இடத்தைக் கொத்தி கான்கிரீட் போட்டுடணும். அப்புறம்னா டைல்ஸை உடைக்கணும்."

"கம்பியெல்லாம் வேண்டாம்பா. வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்" என்றேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் தச்சர் வந்தார். பழைய குளியலறையின் தேக்கு நிலையைப் பெயர்த்து இங்கே வைத்தால் செலவு மிச்சம் என்பது என் யோசனை. அவர் அதைப் பெயர்த்து வெயிலில் கிடத்திவிட்டு அளந்தார். இரண்டே கால் அடிதான் அகலம். வாக்கரோடு நுழைய முடியாது என்றார். பிறகு கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இந்த ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படி வழவழன்னு இருக்கு?" என்று கேட்டார்.

இடுப்பு உயரத்தில், ஒரு ஜாண் நீளத்துக்கு, மரம் எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னியது. மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு.

எனக்குப் புரியவில்லை. மனைவிதான் மெதுவாக எழுந்து வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அத்தை பிடிச்சுக்கிற இடம்ங்க."

அம்மா கடைசி ஒன்பது வருடம் அந்தப் படியில்தான் இறங்கி ஏறினாள். உள்ளேயே ஒரு குளியலறை கட்டித் தரச் சொல்லி ஒரு தரம் கேட்டாள். பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்றேன். அம்மா மறுபடி கேட்கவில்லை. நான் தினமும் அதே வாசலில்தான் நுழைந்திருக்கிறேன். அந்த மரத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

கொத்தனாரைக் கூப்பிட்டு, மூன்று இடத்தில் கான்கிரீட் போடச் சொன்னேன். கதவுக்குப் பக்கத்தில் ஒன்று, ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒன்று, கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்தில் ஒன்று. உயரம் எவ்வளவு என்று அவர் என்னைக் கேட்டார். "அவளைக் கேளுங்கள்" என்றேன். அவள் சுவரில் கை வைத்துக் காட்ட, அவர் பென்சிலால் கோடு போட்டார். கதவை மூன்றடியாக்கி, வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தோம். உள்ளே யாராவது விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர்களே அடைத்துக்கொண்டு கிடப்பார்கள்.

முதல் நாள் குளித்துவிட்டு வந்தவளிடம், எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தண்ணி தேங்காம போகுதுங்க" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது நானும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன். பழைய நிலையை ஒரு மரக்கடைக்காரர் விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. கொல்லைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன், மழை படாத பக்கமாக.